வீட்டு முற்றத்திலே ஆங்கிலம்

நமது பாடசாலைகளிலே ஒரு பிள்ளை மூன்றாம் ஆண்டு தொடக்கம் பதினோராம் ஆண்டு வரையில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயில்கின்றது. ஒன்பது ஆண்டுகள்! நட்ட தென்னம்பிள்ளை காய்த்துப் பயன் தருவதற்குப் போதுமான காலம் இது. ஆயினும், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவர் வழி கேட்டுப் படலையடியிலே வந்து நின்றால், அப்பிள்ளை கதவின் பின்னே ஒளிந்து கொள்கின்றது. இலக்கணப் பயிற்சியிலே நல்ல புள்ளி பெற்ற பிள்ளையும் இதற்கு விலக்கன்று. வழி சொல்வதற்கு வேண்டிய நாலைந்து சொற்கள் அப்பிள்ளைக்குத் தெரியாதவையல்ல. அச்சொற்களை வாய்திறந்து சொல்லும் துணிவுதான் இல்லை.

இதற்குக் காரணம் கூறுவோர் பலர். ஆசிரியர் போதாது என்பார் சிலர். பாடநூல் சரியில்லை என்பார் சிலர். அரசாங்கத்தைக் குறை கூறுவார் வேறு சிலர். இவற்றிலே உண்மை இல்லாமல் இல்லை. எனினும் ஓர் எளிய கணக்கை நாம் போட்டுப் பார்த்தல் வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே, நாற்பது நிமிடப் பாடவேளையிலே, ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாது வாளாவிருந்தாலும், பிள்ளை ஒன்றுக்குப் பேசக் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். ஆசிரியரும் பேசியாக வேண்டுமே! ஆகவே, எத்துணைத் திறமையுள்ள ஆசிரியராயினும், வாய்ப்பழக்கத்தை வகுப்பறையிலே மட்டும் உண்டாக்கி விடுதல் இயலாத காரியம். அந்தப் பழக்கத்துக்கு உரிய இடம் வேறொன்று உண்டு. அது வீடு.

வீடு என்றதும் வாசகர் பலர் முகம் சுளிக்கக்கூடும். "எங்கள் வீட்டிலே ஆங்கிலம் தெரிந்தவர் யார்?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர் நமது நாட்டு வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் நலம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திலே தமது பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அக்காலந் தொட்டு ஆங்கிலம் நம்மவர்க்கு உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. கட்டணம் செலுத்திக் கற்க வல்லார்க்கே அத்திறவுகோல் கிடைத்தது. 1945 ஆம் ஆண்டிலே, கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்திலே, இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழியே போதனா மொழியாதல் வேண்டும் என்னும் கொள்கையும் நிலைபெற்றது. ஏழைப் பிள்ளை பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தது அந்த மாற்றத்தினாலேயாம். அதனைப் போற்றாதார் எவருமிலர். ஆனால், ஆங்கிலத்தை வீட்டிலே பேசிவந்த குடும்பங்கள் தொடர்ந்தும் பேசிவந்தன. பேசாத குடும்பங்களுக்கு அது புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஒரே பாடசாலை, ஒரே ஆசிரியர், ஒரே நூல். இருந்தும் ஒரு பிள்ளை ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுகின்றது, மற்றொரு பிள்ளை வாயடைத்து நிற்கின்றது. வேற்றுமை வகுப்பறையிலே இல்லை. இராப்போசன வேளையிலே வீட்டில் நிகழும் உரையாடலிலே இருக்கின்றது.

சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்றொரு பெயர் வழங்கலாயிற்று. வாள் என்பது அதன் பொருள். தம்மை வெட்டி வீழ்த்துவதற்குப் பிறர் கையிலே இருக்கும் ஆயுதம் என்று இளைஞர் ஒரு மொழியைக் கருதுவாராயின், அது எத்துணைக் கசப்பான அநுபவத்திலிருந்து பிறந்திருத்தல் வேண்டும்! 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம், தமிழையும் அரசகரும மொழியென ஏற்றபோது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி எனக் குறித்தது. சட்டத்திலே இணைக்கும் மொழி, வாழ்விலே பிரிக்கும் மொழியாக இருக்கின்றது. இந்தப் பிரிவினை வீட்டிலே தொடங்குகின்றதாயின், அதனை நீக்கும் முயற்சியும் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும் என்பது எனது துணிபு.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். எனது அயல் வீட்டிலே தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் இருக்கின்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய மகள் நான்காம் ஆண்டிலே படித்தபொழுது, ஆங்கிலப் பாடம் உள்ள நாள்களிலே வயிற்றுவலி என்று படுத்து விடுவாள். தனியார் வகுப்புக்கு அனுப்பத் தாயிடம் பணமில்லை. அவர் செய்தது இவ்வளவே: மாலையிலே திருவலையில் தேங்காய் துருவும் வேளையில் மகளை அருகே இருத்தி, "பிள்ளை, இண்டைக்குப் படிச்சதில ஒரு சொல்லை எனக்குச் சொல்லித் தா" என்று கேட்பார். மகள் சொல்வாள். தாய் அதைத் திருப்பிச் சொல்வார், பிழையாகச் சொல்வார். "அம்மா, நீங்கள் பிழையாச் சொல்லுறியள்" என்று சிறுமி விழுந்து விழுந்து சிரிப்பாள். பின்னர் பொறுமையோடு திருத்துவாள். சில வாரங்கள் கழிந்தன. வயிற்றுவலி நின்றது. அம்மாவுக்குக் கொண்டுபோக ஒரு சொல் வேண்டுமென்று அச்சிறுமி பாடசாலைக்குப் போகலானாள். ஒரு நாள், திருவலைக்கு ஆங்கிலத்திலே என்ன பெயர் என்று கேட்டாளாம். ஆசிரியை சற்று நேரம் யோசித்த பின்னரே விடை சொன்னாராம்!

அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியாமை ஒரு குறையாகவில்லை. அதுவே பெரிய உதவியாயிற்று. தெரிந்தவர் முன்னே பேசுவதற்குத்தான் பிள்ளை அஞ்சுகின்றது. தன்னிலும் குறைவாகத் தெரிந்த ஒருவர் முன்னே அது ஆசானாகி விடுகின்றது. ஒன்றைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுப்பவனே அதனை நன்கு கற்கின்றான் என்பதை நம்முள் ஆசிரியராயிருப்போர் அநுபவத்தால் அறிவர். ஆகவே, ஆங்கிலம் அறியாத பெற்றார் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த உதவி, பிள்ளையிடம் மாணவராய் அமர்ந்திருப்பதேயாகும்.

அந்நிய மொழியொன்று வீட்டுப் புழக்கத்தால் நம் நாவிலே ஏறுதல் புதுமையன்று. போர்த்துக்கேயர் 1658 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினர். ஆனால், அவர்களுடைய சொற்கள் இன்றும் நம் வீட்டை விட்டு நீங்கவில்லை. கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, பாண், சப்பாத்து, குசினி, வாங்கு, துவாய் என்பன வெல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. ஒல்லாந்தர் 'கந்தோர்' என்னும் சொல்லைத் தந்தனர். இச்சொற்களை நம் முன்னோர் கரும்பலகையைப் பார்த்து மனனஞ் செய்தாரல்லர். பொருளைக் கையாண்டனர், பொருளோடு பெயரும் வந்து சேர்ந்தது. இன்று ஆங்கிலத்தைக் கற்பிப்பதற்கும் இதனினும் இயல்பான வழி இல்லை.

குழந்தை தாய்மொழியைக் கற்கும் முறையும் இதுவே. "இங்கே வா", "பந்தை எடு", "பாலைக் குடி" என்ற ஏவல்களைக் கேட்டு, அவற்றின்படி செய்து, நெடுங்காலம் கழித்தே குழந்தை வாய் திறக்கின்றது. ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1960 களிலே இந்த இயல்பையே அடிப்படையாகக் கொண்டு ஒரு போதனா முறையை வகுத்தார். கற்பவன் முதலிலே பேச வேண்டியதில்லை. ஏவலைக் கேட்டு அதன்படி உடலை அசைத்தாற் போதும் என்பது அதன் சாரம். நமது முற்றத்திலே இதற்குத் தனியாக எந்தச் சாதனமும் வேண்டா. கண்ணைக் கட்டி விளையாடும்போது, கட்டியவனுக்கு வலம், இடம், முன்னே, பின்னே என்று வழிகாட்டும் சொற்கள் ஆங்கிலமாய் இருக்கட்டும். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது, ஐம்பது வரை எண்ணுவது ஆங்கிலமாய் இருக்கட்டும். பாம்பும் ஏணியும் ஆடும்போது, காயை நகர்த்துபவர் கட்டங்களை ஆங்கிலத்தில் எண்ணட்டும். ஒரு கரண்டியை ஒளித்து வைத்து, அது மேசையின் கீழா, பெட்டியின் உள்ளா, கதவின் பின்னா என்று தேடச் செய்தால், பாடநூலிலே ஒரு பக்கம் முழுவதும் வரும் இடப்பொருட் சொற்கள் கால்மணி நேரத்திலே பிள்ளைக்குச் சொந்தமாகி விடும்.

அடுக்களையும் சந்தையும் இவ்வாறே பயன்படும். காலைத் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்று பிள்ளை ஆங்கிலத்திலே கேட்டு ஊற்றிக் கொடுக்கலாம். சனிக்கிழமைச் சந்தைக்கு வேண்டிய மரக்கறிகளின் பட்டியலைப் பிள்ளை ஆங்கிலத்திலே எழுதித் தகப்பனார் கையிற் கொடுக்கலாம். வீடு திரும்பியதும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூடையிலிருந்து எடுத்து வைக்கலாம். நமது நாணயத்தாளிலே மூன்று மொழிகளும் இருக்கின்றன. பெயர்ப்பலகைகள் பலவற்றிலும் அவ்வாறே. பேருந்துப் பிரயாணத்திலே அவற்றை ஒப்பிட்டு வாசிப்பது ஒரு நல்ல விளையாட்டு. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆங்கிலப் பெயர் என்ன என்று பிள்ளை கேட்டால், "அவற்றை நம் பெயராலேயே ஆங்கிலேயரும் சொல்லட்டும்" என்று விடை கூறலாம். அவர்கள் முன்னரே அப்படிச் செய்தவர்கள்தாம். நமது கறியும், கட்டுமரமும், மிளகுத்தண்ணீரும், சுருட்டும் சிறிது உருமாறி ஆங்கில அகராதியிலே ஏறியிருக்கின்றன. நம் பாட்டன்மார் புகைத்த சுருட்டு அங்கே இருக்கின்றது என்று அறியும் பிள்ளைக்கு, அந்த மொழி முற்றிலும் அந்நியமாய்த் தோன்றாது.

ஒலியைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். தமிழ் பெரும்பாலும் ஒலித்தபடி எழுதப்படுவது. ஆங்கிலமோ அவ்வாறன்று. 'ரூ' என்று காதிலே விழும் ஒரே ஓசை, இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும்போது ஒரு விதமாகவும், 'கூட' என்னும் பொருளிலே வேறு விதமாகவும், 'நோக்கி' என்னும் பொருளிலே இன்னொரு விதமாகவும் எழுதப்படுகின்றது. எழுத்தை முதலிலே காட்டினால் தமிழ்ப் பிள்ளை திகைத்துப் போவதிலே வியப்பில்லை. காது முதலிலே பழகட்டும். கண் பின்னர் வரட்டும். ஒலி வேறுபாட்டைக் காட்டவும் விளையாட்டு உண்டு. ஒரு மெல்லிய கடதாசித் துண்டை உதட்டின் முன்னே பிடித்துக்கொண்டு, தமிழிலே 'பெண்' என்று சொல்லச் செய்யுங்கள். கடதாசி பெரும்பாலும் அசையாது. ஆங்கிலேயர் பேனையைக் குறிக்கச் சொல்லும் சொல்லை அவர்களைப் போல மூச்சோடு சொல்லச் செய்யுங்கள், கடதாசி துள்ளும். எந்தப் பிள்ளையும் அதனைத் துள்ள வைக்கும் வரையில் ஓயாது.

சொல்லொழுங்கும் அத்தகையதே. தமிழிலே வினை ஈற்றில் நிற்கும். ஆங்கிலத்திலே எழுவாயை அடுத்து வரும். இதனை விதியாக எழுதிக் கொடுத்தால் பிள்ளை மறந்து விடும். ஒரு நாள் இராச்சாப்பாட்டின்போது, ஆங்கில ஒழுங்கிலே தமிழைப் பேசுவது என்று வீட்டார் எல்லோரும் உடன்படிக்கை செய்து கொள்ளட்டும். "நான் சாப்பிட்டேன் புட்டு", "அப்பா குடித்தார் தண்ணீர்", "பூனை திருடியது மீன்" என்று பேசப்பேச வீடே சிரிப்பில் அதிரும். அந்தச் சிரிப்பினூடே ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு பிள்ளையின் மனத்திலே பதிந்து விடும். இதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் தெரிய வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க.

நிற்க. இன்று நமது வீடுகளிலே முன்னில்லாத ஒரு நிலைமையும் தோன்றியிருக்கின்றது. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம் உறவினர் உலகெங்கும் சிதறினர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் சரளம், தமிழ் தடுமாற்றம். இங்கே வளரும் அவர்களுடைய மைத்துனர், மைத்துனிமாருக்குத் தமிழ் சரளம், ஆங்கிலம் தடுமாற்றம். கைத்தொலைபேசியின் திரையிலே ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்கின்றனர். ஒரு சொல்லும் பேசாது போனைப் பெரியவர்கள் கையிற் கொடுத்து விடுகின்றனர். பேரப்பிள்ளையின் சொல் விளங்காது விழிக்கும் பாட்டிமாரின் துயரத்தை நான் கண்டிருக்கின்றேன். இந்தப் பிள்ளைகள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகலாமே! வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம் தமிழ், ஐந்து நிமிடம் ஆங்கிலம் என்று பேசிக்கொள்ளட்டும். முற்றத்து மாமரத்தைக் காட்டி இங்குள்ள பிள்ளை தமிழிலே சொல்லட்டும். பனி மூடிய தெருவைக் காட்டி அங்குள்ள பிள்ளை ஆங்கிலத்திலே சொல்லட்டும். இரண்டு பிள்ளைகளும் பயன் பெறும். அறுந்து போகும் உறவு ஒன்றும் தழைக்கும்.

இனிச் செய்யத் தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தினர் முன்னே பிள்ளையை நிறுத்தி, "ஆங்கிலத்திலே ஏதாவது சொல்லு பார்ப்போம்" என்று கட்டாயப்படுத்தல் கூடாது. பிழை விட்டபோது எள்ளி நகையாடுதல் கூடாது. பிள்ளை தாயின் பிழைக்குச் சிரிக்கலாம். தாய் பிள்ளையின் பிழைக்குச் சிரித்தல் ஆகாது. அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் கூடாது. விளையாட்டை முடித்த பின்னர் கொப்பியை விரித்து, கற்ற சொற்களைப் பத்துத் தரம் எழுதுவித்தலும் கூடாது. அவ்வாறு செய்தால் மறுநாள் விளையாட வரும் பிள்ளை இராது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு எழுபது நிமிடமாகின்றது. வகுப்பறையிலே ஒரு தவணை முழுவதும் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைக்கும் நேரத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"வீட்டிலே பிழையான ஆங்கிலம் பழகிவிட்டால் என்ன செய்வது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், பேசும் பிள்ளையின் பிழையைத் திருத்தலாம். பேசாத பிள்ளையிடம் திருத்துவதற்கு யாதுளது? தவறாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் வகுப்பிலே ஒரு நாளிலே சீர்ப்படும். உறைந்து போன அச்சமோ ஒன்பது ஆண்டுகளாகியும் நீங்குவதில்லை.

தமிழன்பர்கள் கொள்ளும் ஐயம் இதனினும் பாரதூரமானது. வீட்டினுள்ளே ஆங்கிலத்தை அழைத்தால் தமிழ் வெளியேறி விடாதா? தாம் பேசும் நல்ல தமிழைக் கைவிட்டு, அரைகுறை ஆங்கிலத்திலேயே பிள்ளையை வளர்க்கும் பெற்றாரைப் பார்க்கும்போது இந்த அச்சம் எனக்கும் எழுவதுண்டு. அவ்வழியை நான் ஒருபோதும் ஆதரியேன். கதை சொல்லுவதும், கோபிப்பதும், ஆறுதல் கூறுவதும், அன்பு காட்டுவதும் தாய்மொழியிலேயே நிகழ்தல் வேண்டும். நான் கூறுவது நாளிலே பத்து நிமிட விளையாட்டு. காகத்தின் வடையை நரி கவர்ந்த கதையை முதலிலே தமிழில் உருக்கமாகச் சொல்லுங்கள். பிள்ளை அதனை முழுமையாக அநுபவித்த பின்னர், காகம், நரி, வடை மூன்றையும் வைத்து ஆங்கிலத்திலே நாலு வாக்கியம் சொல்லிப் பார்க்கட்டும். தமிழிலே கதை சொல்லத் தெரிந்த பிள்ளையே ஆங்கிலத்திலும் கதை சொல்லும்.

இதற்கு நமது பெரியோர் வாழ்வே சான்று. வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலம் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே, 1887 இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர். ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்திலும் வல்லவரான விபுலாநந்த அடிகள், சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்கசூளாமணி'யைத் தமிழிலே தந்தார். ஆங்கிலம் அவர்களைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழுக்குத் தொண்டு செய்ய இன்னுமொரு கையைக் கொடுத்தது. மொழியைக் கண்டு அஞ்சாதவர்களாதலின், அதற்கு அடிமையாகாமலும் இருந்தனர்.

ஆகவே, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெற்றார் கூட்டத்திலே, பிள்ளையின் புள்ளிகளைச் சொல்வதோடு நில்லாது, "இன்று படித்த ஒரு சொல்லை உங்களுக்குச் சொல்லித் தரும்படி பிள்ளையைக் கேளுங்கள்" என்று தாய்மாரிடம் கூறி அனுப்புங்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல்: வீட்டிலே தம்பி தங்கையர் இருப்பின், அவர்களோடு முற்றத்திலே பத்து நிமிடம் விளையாடுங்கள், பரீட்சைக்கு நீங்கள் தயாராவதற்கும் அது உதவும். பெற்றாருக்குச் சொல்ல இருப்பதை எனது அயல் வீட்டுத் தாய் தம் செயலாலேயே சொல்லி விட்டார். அவருக்கு இன்று ஏறக்குறைய இருநூறு ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்று அவருடைய மகள் கணக்கு வைத்திருக்கின்றாள். சென்ற வாரம் யாரோ ஓர் அந்நியர் படலையடியிலே நின்று வழி கேட்டபோது, அச்சிறுமி கதவின் பின்னே ஒளியவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்து, சந்தி வரையில் எப்படிப் போவது என்று சொல்லி அனுப்பினாள்.